நாத்தனார் இடித்த நிலுபாக்

யட்டவத்தையில் இருபது வருஷமாக ஹமீமாவின் வட்டிலப்பம் இல்லாமல் ஒரு கல்யாணம் நடந்ததில்லை. அதை ஊர் சொல்லக் கேட்டுக் கேட்டே அவள் ஒரு சுற்றுப் பெருத்திருந்தாள். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கும் அந்த இனிப்புக்குக் கித்துள் பனையின் கருப்பட்டியைச் சீவ உட்காரும்போதே முகத்தில் ஒரு ராணிக்களை வந்துவிடும். அப்படி இருந்தவளுடைய வீட்டுக்குத்தான் நாத்தனார் நிஷ்மியா வந்து சேர்ந்தாள்.

நிஷ்மியா, ஹமீமாவின் புருஷன் மக்கீனுடைய தங்கை. பத்து வருஷம் குவைத்தில் ஒரு வீட்டில் சமைத்துவிட்டு, போன மாதம் திரும்பி அண்ணன் வீட்டுப் பின்னறையில் தங்கியிருக்கிறாள். மற்றவர்கள் அங்கிருந்து தங்கமும் போர்வையும் கொண்டுவருவார்கள். இவள் கொண்டுவந்தது ஒரு பலகாரம். கூட வேலை செய்த பிலிப்பீன்ஸ்காரி லோர்னா சொல்லிக்கொடுத்தாளாம். பெயர் நிலுபாக். அவித்த மரவள்ளிக்கிழங்கை உரலில் போட்டு, தேங்காய்ப்பூ, சீனி, டின்பால், மாஜரின் சேர்த்து, கட்டி தெரியாமல் இடித்து, வாழையிலையில் பரப்பி வெட்ட வேண்டும். கிழங்கை இடிப்பதெல்லாம் ஒரு கெட்டித்தனமா என்று ஹமீமா தெருவில் எல்லோரிடமும் கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. வாய் நிறைய நிலுபாக் இருந்தது.

அவளுக்கு வயிறெரிந்தது. மக்கீன் விரலை நக்கிக்கொண்டு, "இன்னொரு துண்டு வை தங்கச்சி" என்றபோது இன்னும் எரிந்தது. வட்டிலப்பத்துக்கு அந்த மனுஷன் ஒருநாளும் விரலை நக்கியதில்லை.

எதிர்வீட்டு ஸஜீதாவுக்கு, மகன் அஸ்ஹரின் கல்யாணத்துக்கு இனிப்புச் சொல்ல வேண்டியிருந்தது. "வெள்ளிக்கிழம அஸர் தொழுகைக்குப் பொறகு வாறேன். ரெண்டையும் ருசி பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள். ஹமீமாவுக்கு அது செருப்படி. நாள் குறித்ததும் இத்தனை சட்டி வேண்டும் என்று சொல்வார்களே தவிர, அவள் கைச் சமையலை இதுவரை யாரும் பரீட்சை வைத்துப் பார்த்ததில்லை.

மரவள்ளி தின்றவர் இஞ்சி சேர்த்தால் விஷமாகிவிடும் என்பது ஊர் முழுக்க நம்புவது. ஹமீமாவும் நம்புகிறவள்தான். விருந்தாளிக்கு எப்போதும் பால் டீ கொடுப்பவள், வியாழக்கிழமை சந்தையில் இஞ்சி வாங்கினாள். முதலில் பாலில்லாத இஞ்சி பிளேன்டீயைக் குடிக்க வைத்துவிட்டால் ஸஜீதா நிலுபாக்கைத் தொடவே மாட்டாள். வந்தவருக்கு டீ கொடுப்பதில் என்ன பாவம் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கொல்லையில் உரல் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்காமல் ஹமீமா ஜன்னலைச் சாத்தினாள்.

ஸஜீதா வந்தாள். டீயைக் குடித்தாள். வட்டிலப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு, "எப்பவும்போல நல்லாத்தான் இருக்கு" என்றாள். அந்த 'எப்பவும்போல' ஹமீமாவைக் குத்தியது. பிறகு நிலுபாக் தட்டுக்கு நீட்டிய கையை ஸஜீதா சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"டீல இஞ்சி போட்டிருக்கீங்களே. மரவள்ளி எப்படித் திங்கிறது?"

ஹமீமாவின் வயிறு குளிர்ந்தது. அந்த நேரம் பார்த்து மக்கீன் வாயைத் துடைத்தபடி குசினியிலிருந்து வந்தார். "நான் அப்பவே நாலு துண்டு தின்னுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே டீத்தட்டிலிருந்த ஒரு கோப்பை இஞ்சி டீயை எடுத்து வாயில் வைக்கப் போனார்.

ஹமீமா பாய்ந்து கோப்பையைத் தட்டிவிட்டாள். "குடிக்காதீங்க, மவுத்தாப் போயிருவீங்க" என்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நிஷ்மியா துணியை எடுத்துவந்து சிந்திய டீயைத் துடைத்தாள். "ஒண்ணும் ஆகாது மதினி. நேத்து நீங்க இஞ்சி வாங்கினதப் பாத்தேன். அதான் மரவள்ளிய விட்டுட்டு வாழக்காய அவிச்சு இடிச்சேன். லோர்னா ரெண்டுலயும் செய்வா."

குரலில் குத்தலே இல்லை. இருந்திருந்தால் ஹமீமா ஒரு சண்டையாவது போட்டுத் தப்பித்திருப்பாள்.

ஸஜீதா ஒரு துண்டு தின்றாள். இன்னொன்றையும் எடுத்தாள். "கல்யாணத்துக்கு இதையே செஞ்சு தா நிஷ்மியா" என்று சொல்லிவிட்டாள்.

மக்கீன் மனைவியின் பக்கத்தில் குந்தி, அவள் கையில் ஒரு துண்டை வைத்தார். "பயந்துட்டே. இதத் தின்னு."

தின்றாள். பொலபொலவென்று கண்ணீர் வந்தது.

"புருஷன் மேல எவ்வளவு உசிரு பாருங்க" என்றாள் ஸஜீதா.

உசிர்தான், இல்லையென்று யார் சொன்னது. ஆனால் ஹமீமா அழுதது அதற்கில்லை. பாழாய்ப்போன அந்த நிலுபாக் அவ்வளவு ருசியாக இருந்தது.