சிமியோன் அண்ணை கூப்பிடாத பேர்

"நித்திரை மருந்திலை கிடக்கிற பிள்ளை எவ்வளவு தூரம் போயிருக்கும், தங்கச்சி?"

சிமியோன் அண்ணை இதை என்னிடம்தான் கேட்டார். ஆனால் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. விரலை நாக்கில் தொட்டு, ஈரத்தோடு உயர்த்திப் பிடித்து, காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி ஒன்றின் மூன்றாம் மாடி நடைபாதை அது. எதிரே அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு. "வாடைக் காத்து இஞ்சையும் வருது" என்றார். வந்தது ஏசிக் காற்று.

குருநகரில் கடற்தொழில் செய்கிறவர். நாற்பது வயது இருக்கும். சுவரோரம் போட்டிருந்த மர வாங்கில் இருக்கமாட்டார். "வள்ளம் மாதிரி உது ஆடாது. எனக்குச் சரிவராது" என்று தரையில்தான் குந்துவார். அவர் கட்டிய சாப்பாட்டுப் பையை வேறு யாராலும் அவிழ்க்க முடியாது. தாதிமார் கத்தரிக்கோலால் வெட்டுவார்கள். "உந்த மனிசனை விட்டால் ஆசுப்பத்திரியையும் தூணோடை கட்டிப்போட்டு வரும்" என்பார் அவருடைய மனைவி மார்கிரட் அக்கா.

உள்ளே அவர்களுடைய ஒரே மகள் டிலக்ஷி. ஒன்பது வயது. மூளைக்காய்ச்சல். வலிப்பு நிற்காததால் நித்திரை மருந்து கொடுத்து, மூச்சை இயந்திரத்திடம் ஒப்படைத்திருந்தார்கள். அடுத்த கட்டிலில் டெங்குக் காய்ச்சலோடு என் தம்பி கஜீவன். பரீட்சை எழுதி முடித்து வீட்டில் சும்மா இருந்த நான், அம்மாவை மாற்றிவிட உரும்பிராயிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்தேன்.

மார்கழி மழை விடவில்லை. யன்னல் கண்ணாடியில் வழியும் தண்ணீருக்குள்ளால் வந்த வெளிச்சம் பச்சைச் சுவரில் அசைந்துகொண்டே இருக்கும். எல்லோரும் தண்ணீருக்கு அடியில் இருப்பது போலத் தோன்றும். பக்கத்தில் நடப்பவரின் செருப்புச் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்கும். மத்தியானங்களில் சிமியோன் அண்ணை கண்ணைத் திறந்தபடியே அரை நித்திரையில் கதைப்பார்.

"இடுப்பளவு தண்ணிதான். கடலடியிலை சாதாளைப் புல்லெல்லாம் ஒரு பக்கம் சாயுது. நண்டு கண்ணைத் தூக்கிப் பாக்குது. அவ பயப்பிடமாட்டா."

"ஆர் அண்ணை?"

கதவுப் பக்கம் நாடியை உயர்த்திக் காட்டுவார்.

அப்போதுதான் கவனித்தேன். இருவரும் பிள்ளையின் பேரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "அவ", "பிள்ளை", "உள்ளை கிடக்கிறவ", அவ்வளவுதான். தேத்தண்ணி ஊற்றும்போது மார்கிரட் அக்கா காரணம் சொன்னார். அவர்கள் குடும்பத்தில் ஒருவர் கடலுக்குப் போனால், கரை திரும்பும்வரை அவர் பேரை ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

"பேரைச் சொன்னால் ஆள் திரும்பிப் பாக்கும். கடலிலை நிக்கிற ஆள் கரையைத் திரும்பிப் பாக்கக்கூடாது. கை தடுமாறும்."

"பிள்ளை கடலிலையே அக்கா நிக்கிறா?"

"இஞ்சை இல்லைத்தானே."

உள்ளே போக ஒரு நாளைக்கு இரண்டு தரம், பத்துப் பத்து நிமிடம். இருவரும் பச்சை அங்கி போட்டுக்கொண்டு போய், ஒரு சொல்லும் பேசாமல் பிள்ளையின் காலைப் பிடித்துவிட்டு வருவார்கள்.

நாலாம் நாள் காலை நித்திரை மருந்தை நிறுத்தினார்கள். மத்தியானத்துக்குள் பிள்ளை அசைய வேண்டும். டொக்டர் நிவேதனா தோளில் தட்டி, "டிலக்ஷி, கண்ணைத் திறவுங்கோ" என்று கூப்பிட்டதைத் தம்பியின் கட்டிலடியில் நின்று கேட்டேன். அசைவில்லை. இரண்டு மணிக்கும் அப்படித்தான். அவர் வெளியே வந்தார்.

"இவ்வளவு நேரத்துக்குள்ளை மருந்து மயக்கம் விட்டிருக்கவேணும். பேர் சொல்லிக் கூப்பிட்டும் ஒரு அசைவும் இல்லை. மூளை எவ்வளவு தாங்கியிருக்கு எண்டு இனித்தான் பாக்கவேணும். நீங்கள் கூப்பிட்டுப் பாத்தனீங்களோ?"

சிமியோன் அண்ணை தரையைப் பார்த்தார்.

"நாங்கள் கூப்பிடேல்லை, டொக்டர்" என்றார் மார்கிரட் அக்கா.

"அப்ப இவ்வளவு நாளும் உள்ளை போய் என்ன செய்தனீங்கள்?"

"கால் பிடிச்சம்."

டொக்டர் கோபப்படவில்லை. "அண்ணை, பழகின குரல் வேணும். வீட்டிலை டிலக்ஷி எண்டுதானே கூப்பிடுறனீங்கள்?"

"அது பள்ளிக்கூடத்திலை" என்றார் சிமியோன் அண்ணை.

"வீட்டிலை?"

அவர் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறப்புப் பதிவில் உள்ள பேரை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பிள்ளை தன் பேரென்று அறிந்த பேரைத் தங்களுக்குள்ளேயே வைத்திருந்தார்கள்.

மார்கிரட் அக்கா கணவருக்கு முன்னால் போய்க் குந்தினார்.

"இஞ்சேருங்கோ. திரும்பிப் பாத்திடுவா எண்டுதானே கூப்பிடாமல் இருக்கிறம்?"

"ஓம்."

"இப்ப அவ திரும்பிப் பாக்கத்தானே வேணும்."

"கை தடுமாறினால்?"

"தடுமாறட்டும். அதுவும் அசைவுதானே."

அவர் எழும்பினார். முடிச்சுப் போடுவதில் அவ்வளவு கெட்டிக்காரரான அவருக்கு அன்றைக்கு அங்கியின் நாடாவைக் கட்ட வரவில்லை. மார்கிரட் அக்காதான் கட்டிவிட்டார்.

நானும் பின்னால் போய்த் தம்பியின் பக்கத்தில் நின்றேன். அவர் மகளின் கட்டிலடியில் நின்று முதலில் இரகசியம் போலச் சொன்னார். "கூனி." கூனி என்றால் உள்ளங்கையில் நூறு கொள்ளும் மிகச் சின்ன இறால். எட்டு மாதத்திலேயே, குறைமாதமாகப் பிறந்த மகளுக்கு அவர் வைத்த பேர். இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மறுபடியும் சொன்னார். ஒன்றுமில்லை. பிறகு, தண்ணீருக்கு மேலால் தூரத்து வள்ளத்தைக் கூப்பிடும் குரல் அவரிடமிருந்து வந்தது.

"கூனீ... எடி கூனீ..."

தாதி ஒருவர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு ஓடி வந்தார். டொக்டர் அவரைக் கையால் மறித்தார்.

பிள்ளையின் புருவம் சுருங்கியது. கண் திறக்கவில்லை. ஆனால் தலையை, வாயில் இருந்த குழாயோடு சேர்த்து, மற்றப் பக்கம் திருப்பப் பார்த்தாள்.

"ஆக்களுக்கு முன்னாலை உப்பிடிக் கூப்பிட்டால் அவவுக்குப் பிடியாது" என்றார் மார்கிரட் அக்கா, அங்கிக் கையால் மூக்கைத் துடைத்தபடி. "பள்ளிக்கூட வாசலிலை ஒருக்கா கூப்பிட்டுப்போட்டார் எண்டு ரெண்டு நாள் கதைக்கேல்லை."

"இன்னொருக்கா கூப்பிடுங்கோ, அண்ணை" என்றார் டொக்டர்.

சிமியோன் அண்ணை கூப்பிடவில்லை. பிழை செய்துவிட்ட சின்னப் பிள்ளை போல, உள்ளங்கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டு நின்றார்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அப்படி ஒரு கதவுக்கு வெளியே பேசாமல் குந்தியிருக்கும் தாய் தகப்பனை எங்காவது கண்டால், பக்கத்தில் இருந்து இந்தக் கதையைச் சொல்லிவிட்டு வாருங்கள்.