உடுப்பிட்டியில் செய்த ஐந்து ராசாக் கார்கள்

யாழ்ப்பாணத்துக் கலியாணப் படங்களில் ஒரு வெள்ளைக் கார் அடிக்கடி வந்தது. நீண்ட முன்பக்கம், உருண்டை விளக்குகள், கதவோரம் ஏறுபடி. பார்த்தால் அந்தக்கால ஆங்கிலேயப் பிரபுவின் கார். ஆனால் எந்தக் கம்பனியும் அப்படியொன்றைச் செய்ததில்லை. பழைய கார்களைப் பற்றி எழுதுகிறவன் நான். விசாரித்ததில் உடுப்பிட்டி என்றார்கள். போன ஆவணியில், ஒரு திங்கட்கிழமை போனேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து காலை 8.10 பஸ். ஒன்றேகால் மணி நேரம், நூற்றைம்பது ரூபாய். சந்தியிலிருந்து பத்து நிமிட நடையில் அந்தக் காரைச் செய்த தவம் அண்ணையின் கராஜ். இப்போது அங்கே தண்ணீர்ப் பம்பி மட்டும்தான் திருத்துகிறார்.

"கார் பற்றி எழுதுறனான் அண்ணை" என்றேன்.

"எழுதிறதெண்டால் முழுக்க எழுதுங்கோ" என்று, இருக்கச் சொல்லிப் பலகையைக் காட்டினார்.

அவருடைய கூட்டாளி பாலன், வல்வெட்டித்துறையில் பைபர் படகு செய்தவர். சண்டை முடிந்து வெளிநாடு போன நம்மூர்க்காரர் கலியாணத்துக்கு வரத் தொடங்கியபோது, ராசா மாதிரி ஊர்வலம் போக ஒரு கார் வேண்டும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். படகுக்கு அச்சு எடுப்பதுபோல பாலன் காரின் உடலை வார்த்தார். பழைய வான் வண்டியொன்றின் அடிச்சட்டத்தில் தவம் அதைப் பூட்டினார். உள்ளே சிவப்புத் தோல் இருக்கை, மர டாஷ்போர்ட். பெயர் பரவி ஐந்து கார் செய்தார்கள்.

ஐந்தாவதை மூன்று அடி நீட்டச் சொன்னார் வாங்கியவர்.

"எனக்கு மனமில்லை. ஆனால் அடிச்சட்டத்தை வெட்டி, வெல்டிங்கிலை ஒட்டினது நான்தான். குடுக்கக் கொண்டுபோகேக்கை தொண்டைமானாற்றடியிலை நடுவாலை முறிஞ்சுது. லொறி ஒண்டும் இடிக்கேல்லை. தானாய் முறிஞ்சது. பாலன் தனியத்தான் ஓட்டிக்கொண்டு போனவன்."

பாலன் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டார்.

அந்த விபத்து வழக்கு முடிந்து வந்ததும் தவம் மற்றக் கார்களைத் திருப்பிக் கேட்டார். மூவர் கொடுத்தார்கள், மூன்றையும் தன் கையாலேயே வெட்டினார். அளவெட்டிப் பக்கத்துக் கலியாண மண்டபக்காரர் மட்டும் தரவில்லை. அந்தக் காரும் ஓரடி நீட்டி ஒட்டியதுதான்.

"அவரிட்டை இண்டைக்கும் போறன். வாறியளோ? வெளியாள் நிண்டால் கேட்பார்."

இருபத்தைந்து கிலோமீட்டர். ஓட்டோவுக்குப் போகவர 5,500 ரூபாய். மண்டபக்காரர் மரியாதையானவர், தேத்தண்ணி தந்தார். "இவ்வளவு காலம் ஓடுது, ஒண்டும் நடக்கேல்லையே தவம். வெள்ளிக்கிழமையும் கலியாணம் கிடக்கு."

தவம் காருக்குக் கீழே படுத்து என்னைக் கூப்பிட்டார். ஒட்டிய இடத்தில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. படமெடுத்துக் காட்டினேன். மண்டபக்காரர் வெகுநேரம் பார்த்தார்.

"வெள்ளி முடியட்டும்" என்றார்.

மண்டப வாசல் பலகையில் வெள்ளிக்கிழமை மணமக்களின் பெயர் இருந்தது. கடையொன்றில் கேட்டு, பெண் வீட்டைக் கண்டுபிடித்தோம். பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். தவம் சொல்லச் சொல்லத் தகப்பனின் முகம் இறுகியது.

"நீரோ உதைச் செய்தது?"

"ஓம். ஒட்டு என்ரை கைவேலை. ஒருத்தன் செத்திட்டான். பிள்ளையை ஏத்தாதேங்கோ."

"கலியாண வீட்டிலை வந்து சாவைக் கதைக்கிறீரே. போம் வெளியாலை."

வாசல் படலையைத் தாண்டியதும் தவம் ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சனிக்கிழமை தொலைபேசியில் சொன்னார்: வெள்ளி ஊர்வலத்துக்குப் பெண் வீட்டார் வான் பிடித்திருக்கிறார்கள்.

வடக்கில் இப்படியான கார் வாடகைக்கு எடுப்பவர்கள் பதிவுப் புத்தகத்தைக் கேளுங்கள். தாளில் அது இன்னும் ஒரு வான்தான். அதனால் பொலிஸார் யாரும் மறிப்பதில்லை. குனிந்து அடிச்சட்டத்தைப் பாருங்கள். ஒட்டு இருந்தால் ஏறாதீர்கள். இப்படிச் சொல்லும் நான், படங்களில் அந்தக் காரின் அழகை மட்டுமே இரண்டு வருடம் ரசித்தவன்.

இதை எழுதும்போது அந்தக் காருக்கு இன்னும் மூன்று கலியாணங்கள் பதிவாகியிருக்கின்றன. இரண்டு வீடுகளுக்குத் தவம் போய்விட்டார். மூன்றாவது வீடு எதென்று எங்களுக்குத் தெரியவில்லை. அது உங்கள் வீடாக இருந்தால், தயவுசெய்து இதன் கீழே எழுதுங்கள்.