முனை வீட்டின் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. தெருவுக்கு அவள் வெடி. முனை வீட்டின் முன்னறையில், கதவோரம் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, ஒரு கண் ஊசியிலும் மறு கண் சாலையிலுமாக உட்கார்ந்திருப்பாள். விரலைச் சேர்த்துத் தைத்துக்கொள்ளாமல் எப்படித் தப்பிக்கிறாள் என்பது யாருக்கும் விளங்கியதில்லை. அவள் கணவன் எதைக் கேட்டாலும் "உம்" என்பான். அவனுக்கு அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

உம்மின் தங்கையும் அதே வீட்டில்தான். எதிர்ப்பக்கம் ரொட்டிக்கடையில் வேலை. போன வருஷம், முனையில் வேகமாகத் திரும்பிய வேன் ஒன்று அவளைத் தட்டிவிட்டு நிற்காமல் போனது. கால் எலும்பு கூடியது, ஆனால் கோணலாக. அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு கூத்து. நாத்தனார் படியிறங்கினால், வெடி மெஷினை நிறுத்திவிட்டு, துணி அளக்கும் மரஸ்கேலோடு நடுச்சாலையில் போய் நிற்பாள்.

"டேய், நில்லுடா! கண்ணை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டியா?" இது லாரிக்கு. அப்புறம் பின்னால் திரும்பி, "மகாராணிக்குப் பல்லக்கு வரணுமா? நட!"

"வரேன் அண்ணி. நீங்க கத்துற கத்துல லாரிக்காரன் பயந்து செத்துடப் போறான்."

இதைப் பாசம் என்று யாராவது சொல்லியிருந்தால் அதே ஸ்கேலால் வாங்கியிருப்பார்கள்.

இப்படி இருக்கும்போதுதான், நகரத்தைத் திருத்தி அமைக்கப் போகிறோம், வந்து கருத்துச் சொல்லுங்கள் என்று பகுதி மக்களைக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூட ஹாலில் மேசை நீளத்துக்கு வரைபடம். ஓர் இளம் பெண் அதிகாரி பொறுமையாக விளக்கினார். மழைத்தண்ணீர் தேங்குகிற இடத்தில் நீல ஸ்டிக்கர். நடக்கவே பயமாக இருக்கிற இடத்தில் சிவப்பு. நன்றாக இருக்கிறது, மாற்ற வேண்டாம் என்றால் பச்சை. புது வீடுகள் எங்கே கட்டலாம் என்பதற்கு மஞ்சள்.

நீலத்துக்கு அடிதடி. மஞ்சளை அடுத்தவன் இடமாகப் பார்த்து ஒட்டினார்கள். சிவப்பை மட்டும் இந்தத் தெருக்காரர்கள் ஒருவரும் தொடவில்லை. முன்பொரு சமயம் வாய்க்கால் ஓரத்து வீடுகளின் சுவரில் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் வீடும் இல்லை, சுவரும் இல்லை. அதைப் பார்த்த தெரு இது. தன் வீட்டருகே தானே சிவப்பை ஒட்டிக்கொள்ள யாருக்குப் பைத்தியம்? ஆளாளுக்கு வரைபடத்தில் தங்கள் வாசலில் பச்சையை ஒட்டினார்கள். வெடி ஒன்றுக்கு இரண்டாக ஒட்டினாள், எதற்கும் இருக்கட்டும் என்று. வீடே முனையில் இருந்ததால் இரண்டும் முனையின் மேல் போய் உட்கார்ந்தன.

"எங்க முனையில கடக்குறதுக்குக் கோடு போட்டுக் குடுங்க மேடம்" என்று வாயாலும் சொன்னாள்.

"ஸ்டிக்கர்ல காட்டிடுங்கம்மா" என்றார் அதிகாரி.

அதான் வாயால் சொல்லியாகிவிட்டதே என்று வெடி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுபடி கூப்பிட்டபோது திட்டம் சுவரில் தொங்கியது. வடிகால் இருந்தது. நிழலுக்கு மரம் இருந்தது. கடக்கும் கோடும் வேகத்தடையும், சிவப்பு ஒட்டியிருந்த அடுத்த தெருவில் இருந்தன.

"எங்க முனை என்னாச்சு?" வெடியின் குரலில் ஜன்னல் அதிர்ந்தது.

"அங்க எல்லாம் பச்சைதாம்மா. பத்திரமா இருக்குன்னு மக்களே சொல்லியிருக்காங்க."

"எந்த மக்கள்?"

"நீங்கதான்."

ஹால் சிரித்தது. வெடி வெடிக்கவில்லை. மேசையில் கிடந்த பழைய வரைபடத்தில் தன்னுடைய இரண்டு பச்சைகளையும் பார்த்தபடி நின்றாள். இன்றோடு கருத்துக் கேட்பது முடிகிறது என்றும், மாற்றுவதென்றால் இப்போதே ஒட்டலாம் என்றும் சொல்லி, அதிகாரி சிவப்புத் தாளை நீட்டினார்.

உம் அவள் முழங்கையைப் பிடித்தான். பல வருஷத்துப் பேச்சைச் சேர்த்து ஒரே மூச்சில் பேசினான்: "வேணாம். ஒட்டினா வீடு போயிடும்."

"வீடு போனா வேற பாக்கலாம்யா. அவளுக்கு இன்னொரு கால் எங்க போய்ப் பாக்குறது?"

வெடிக்கு மெதுவாகவும் பேச வரும் என்பது அன்றுதான் தெரிந்தது. பின்னால் நின்ற நாத்தனாருக்கும் அது கேட்டது.

ஸ்டிக்கர் நகத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. உதறிப் பிரித்து, பச்சைகளின் மேலேயே அழுத்தினாள். "நல்லாப் பாத்துக்கங்க மேடம். இது ரோட்டுக்கு. வீட்டுக்கு இல்ல."

நாத்தனார் விந்தி விந்தி வந்து பக்கத்தில் இன்னொன்றை ஒட்டினாள்.

"நீ எதுக்குடி?"

"அடி பட்டது நான். பேரு மட்டும் உங்களுக்கா?"

மற்றவர்கள் யோசித்தார்கள். பெட்டிக்கடைக்காரர் மட்டும் தைரியமாக ஒன்று ஒட்டினார், தன் கடையை விட்டுத் தள்ளி, எதிர்வீட்டுக்கு நேராக.

கொஞ்ச நாள் கழித்து, பெயின்ட் டப்பாவோடு இரண்டு பேர் முனையில் வந்து இறங்கினார்கள். தெருவில் கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. உம் தன் வீட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து, கையை விரித்து நின்றான். டப்பாவைத் திறந்தார்கள். வெள்ளை.

மறுநாள் காலை நாத்தனார் படியிறங்கினாள். பளிச்சென்ற கோடுகளின் நடுவே, ஸ்கேலோடு வெடி நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு லாரி நின்று உறுமிக்கொண்டிருந்தது.

"அதான் கோடு போட்டாச்சே அண்ணி. இன்னும் எதுக்கு?"

"நேரா போட்டிருக்கானான்னு அளக்க வந்தேன். நீ உன் வேலையப் பாத்துட்டு நட."