ஏலக்காய் ஸ்டோருக்குள் பார்த்த ஓபல்

சாந்தன்பாறைப் பக்கம் போகிற உங்களில் சிலர், அங்கே கனிமக் கற்கள் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் போனது 1977 பொங்கல் விடுமுறையில். அப்போது பாலக்காட்டுக் கல்லூரி ஒன்றில் நிலவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எஸ்டேட்டுக்குச் சாலை போடப் பாறைக்கு வெடி வைத்தபோது, சவ்வரிசிக் கஞ்சி காய்ந்து ஒட்டியது போன்ற கல் கிடைத்ததாக மாணவி ஒருத்தி சொன்னாள். ஓபலாக இருக்கலாம் என்று தோன்றியது. பட்டை தீட்டாத ஓபல் ஒன்றுகூட என் சேகரிப்பில் இல்லை.

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீடு. காலை ஐந்தரைக்கு நானும் என் கணவரும் கிளம்பினோம். அவர் விவசாயி, கல்லில் அவருக்கு அக்கறையில்லை, துணைக்கு வந்தார். கோபாலபுரம் செக்போஸ்டில் ஏதாவது கடத்துகிறோமோ என்று பையைத் துழாவினார்கள். பொள்ளாச்சி, பழனி, தேனி வழியாகப் போடி சேர மாலையாகிவிட்டது. லாட்ஜில் தங்கி மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தோம். போடிமெட்டு வரை இருபத்தாறு கிலோமீட்டர் ஏற்றம். இடது பக்கம் உட்காருங்கள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் பள்ளம் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும்.

எஸ்டேட்டில் கல்லை வைத்திருந்தவர் செல்லத்துரை, சாலை வேலைக்காரர்களின் மேஸ்திரி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் சாக்கு போட்டு மூடி வைத்திருந்தார். கருங்கல்லின் வெடிப்பில் நிறமில்லாத கண்ணாடி மொட்டுகள், உருண்டு உருண்டு. வெயிலில் பார்க்க ஒன்றுமே இல்லை. ஐந்து துண்டுக்கு நாற்பது ரூபாய் என்று பேசிமுடித்தோம்.

உறுதி செய்துகொள்ளக் கல்லூரியிலிருந்து புற ஊதா விளக்கு கொண்டுவந்திருந்தேன். அதற்கு இருட்டு வேண்டும். காய் உலர்த்தும் ஏலக்காய் ஸ்டோரில் அன்று அடுப்பு மூட்டவில்லை; அதற்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார் செல்லத்துரை. விளக்கைப் போட்டேன்.

கல் பச்சையாக எரிந்தது. இளம் வாழைக்குருத்தை வெயிலுக்கு எதிரே பிடித்தால் ஒரு பச்சை தெரியுமே, அதைவிடக் கூர்மையான பச்சை. மொட்டு ஒவ்வொன்றும் உள்ளிருந்து ஒளிர்ந்தது. பாடப் புத்தகத்தில் ஒரே வரியாகப் படித்ததுதான். ஆனாலும் விளக்கை ஒவ்வொரு துண்டின் மேலும் கொண்டுபோய்ப் பார்த்தேன். என் கணவர் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் நான் பணத்தை நீட்டினேன். செல்லத்துரை வாங்கவில்லை.

“இது நான் ஒருத்தன் எடுத்த கல்லு இல்ல, டீச்சர். பொம்பளையாளுவதான் தலையில சொமந்தாவ. அவுகளும் பாக்கட்டும். பெறகு கொண்டு போங்க.”

அன்று ஏலக்காய் பறிக்கப் போயிருந்த அந்தப் பெண்கள் திரும்ப மூன்று மணி ஆனது. நாலு மணிக்குக் கடைசி பஸ். மூன்று மூன்று பேராக உள்ளே வந்தார்கள். விளக்கை நேராகப் பார்க்காதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். ஒருத்தி கல்லைத் தொட்டுப் பார்த்து, சுடவில்லை என்றாள். இன்னொருத்தி, “இதையா நாம ஜல்லின்னு சொமந்தோம்?” என்று மெதுவாகக் கேட்டாள்.

காய் எடை போடுமிடத்தில் தாமதமாகிப் பேச்சியம்மா என்பவர் கடைசியாக வந்தார். விளக்கு ஒருமுறை மினுங்கி அணைந்துவிட்டது. பேட்டரிக் கட்டைகள் தீர்ந்துவிட்டன. அவர் இருட்டில் சற்று நின்றுவிட்டு, “சரி, இருக்கட்டும்” என்று வெளியே போனார்.

பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருந்தது. நான் கற்களை உமியில் பொதிய ஆரம்பித்தேன். என் கணவர் பையைத் தோளிலிருந்து இறக்கினார்.

“அந்தம்மா மட்டும் பாக்காம போனா நல்லாவா இருக்குது? நாளைக்குப் போய்க்கலாம் உடு.”

லாரியில் தொற்றிப் பூப்பாறைக்குப் போய்க் கட்டைகள் வாங்கி வந்தார். அன்றிரவு செல்லத்துரை வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை.

காலையில் வேலைக்குப் போகும் முன் பேச்சியம்மாவை அழைத்தோம். அவர் மட்டும், நான் மட்டும். பச்சை ஒளி அவர் விரல்களிலும் படிந்தது. கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நேத்து எல்லாவளும் வந்து, நாம சொமந்த கல்லு பச்சையா எரியுதுன்னு சொன்னாளுவ. சொமந்த கஷ்டத்துக்கு என்னைத் தேத்தத்தான் சொல்லுதாளுவன்னு நெனச்சேன், டீச்சரம்மா.”

இப்போது போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அன்று வெடி வைத்த பாறை புல் மூடிக் கிடக்கிறது. எஸ்டேட் நிலத்தில் அனுமதியில்லாமல் கல் எடுக்காதீர்கள். ஓபலுக்குள் நீர் உண்டு, வெயிலில் வைத்தால் விரிசல் விடும். கல்லுக்குப் பச்சை தருவது அணுவளவு யுரேனியம் என்று மாணவர்களுக்கு ஆண்டுதோறும் விளக்கியிருக்கிறேன். விளக்கிய பிறகும் வியப்பு குறைந்ததில்லை. யாரிடமாவது கல் வாங்கினால், பஸ் போனாலும் பரவாயில்லை, அதைச் சுமந்தவர்களுக்கு ஒருமுறை காட்டிவிட்டு வாங்குங்கள்.