நாற்காலிக்கு ஒரு சக்கரம்

"வண்டியை வித்துடலாம்," என்றார் பெரியப்பா.

"யார் கேட்டா?" என்றார் பெரியம்மா.

"யாரும் கேக்கல. எழுதி மாட்டினா கேப்பாங்க."

"வித்துட்டு நீங்க எதுல போவீங்க?"

"நான் எங்க போகப்போறேன்? இதோ இந்த நாற்காலி. அதோ அந்த ஜன்னல். முடிஞ்சுது."

பெரியம்மா ஜன்னல் வழியே வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பார்த்தார். குனிந்து அதன் அகலத்தைச் சாண் போட்டு அளந்தார்.

"இப்ப எதுக்கு அளக்குற?"

"இதை வண்டிக்குப் பக்கத்துல ஒட்டவெச்சா நம்ம கேட்டுல நுழையுமான்னு பாக்கறேன்."

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "மூளையில அடைப்பு வந்தது எனக்கா, இவளுக்கா? நீயே சொல்லும்மா."

நான் சிரித்துவிட்டேன். பெரியம்மா சிரிக்கவில்லை.

நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழ்வீடு பெரியம்மாவுடையது. பக்கவாதம் வந்தபின் பெரியப்பாவின் இடது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கூரியர் வேலையில் ஊரையே சுற்றிய மனிதர், அதன்பிறகு ஆஸ்பத்திரியைத் தவிர எங்கும் போகவில்லை. பின்சீட்டில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். இடது கால் நழுவி நழுவித் தரையில் உரசியது. அன்று நாற்காலிக்குத் திரும்பியவர் ஜன்னலோடு பேச ஆரம்பித்தார்.

பெரியம்மா இரும்புக் கட்டில் செய்யும் பட்டறையில் வெல்டர். முதலில் அங்கே பெயிண்ட் அடிக்கத்தான் போனார். ஒருநாள் வெல்டர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, ஆணியில் தொங்கிய முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு அதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. முழங்கை வரை பொறி சுட்ட புள்ளிகள். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கட்டிலை ஆட்டிப்பார்க்கும் பழக்கம். இரும்பு அவருக்குத் தெரியும். ஆனால் எஞ்சினைத் திறந்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து பின்சீட்டில் உட்கார்ந்தவர், வண்டி ஓட்டியதுமில்லை.

ஓடாமல் நின்றிருந்த வண்டியின் எஞ்சினைப் பிரித்ததில் முன்னறை பட்டறையானது. தரையில் பழைய செய்தித்தாள். முட்டை அட்டையின் குழிகளில் போல்ட்டுகள். சாப்பாட்டு மேசையில் கார்புரேட்டர், ஒரு கிண்ணம் மண்ணெண்ணெயில் மூழ்கிக் கிடந்தது. பெரியப்பா நாற்காலியில் இருந்தபடி அதட்டினார்.

"அது பிஸ்டன்மா, கட்டில் கால் இல்ல. மெதுவா."

"வாய்க்கு மட்டும் ஒண்ணும் ஆகல பாரு."

"பிஸ்டன் ரிங் ரெண்டோட இடைவெளியும் ஒரே பக்கம் இருக்கு. ஒண்ணைத் திருப்பி வை."

"வெச்சாச்சு."

"திட்டிக்கிட்டே வைக்காதே. எஞ்சினுக்குக் கேட்கும்."

இணையத்தில் ஆங்கிலத்தில் கிடைத்த ஒரு விளக்கத்தை நான் தமிழில் வாசித்துச் சொன்னேன்: பக்கவாட்டுச் சக்கரம் வண்டியைப் பார்த்து இம்மியளவு உள்நோக்கி இருக்க வேண்டும், வண்டி வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் இடதுபக்கம் இழுக்காது. பெரியம்மா யோசித்தார். "நேராப் போகணும்னா கொஞ்சம் கோணலா நிக்கணும்ங்கற. சரி."

விடுமுறை நாளில் பட்டறையின் வெல்டிங் மெஷினைக் கொண்டுவந்து வாசலில், நாற்காலியைத் தாங்கும் சட்டத்துக்குக் குழாய்களை இணைத்தார். என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். சுவரில் நீல ஒளி துடித்தது. அடங்கியபின் பார்த்தேன். இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் நெருக்கிப் பின்னிய சடைபோல் ஓர் இரும்புக் கோடு, எங்கும் தடிக்காமல், எங்கும் விட்டுப்போகாமல் சுற்றி வந்திருந்தது. உருகிய இரும்பு ஒரு கைக்கு இப்படிக் கட்டுப்படும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. தொட நீண்ட என் விரலை அவர் தட்டிவிட்டார்.

பழைய ஸ்கூட்டர் ஒன்றின் சக்கரம் வந்தது. கூடுதல் எடையை இழுக்கப் பின்னால் பெரிய பல்சக்கரம், நிறுத்த முன்னால் டிஸ்க் பிரேக். பெரியப்பா பாத்ரூம் போய்த் திரும்புவதற்குள் நாற்காலிக்குக் கால்கள் இல்லை.

"அடிப்பாவி, உக்கார இடம் எங்கடி?"

"வாசல்ல."

பிடித்துக்கொள்ள ஒரு வளையத்தையும் வைத்தார், வலது கைக்கு எட்டும்படி. அந்த வளையத்தில் பெரியப்பா பிடிக்கும் இடத்தில் இப்போது பெயிண்ட் முழுக்கத் தேய்ந்துவிட்டது. ஆனால் அவர் அதில் ஏறியது அவ்வளவு சுலபத்தில் நடக்கவில்லை.

பட்டறை மைதானத்தில் ஓட்டக் கற்றுக்கொண்ட பெரியம்மா, ஒரு காலையில் காலி இருக்கையோடு தெருவில் இறங்கினார். பெரியப்பா ஜன்னலில் இருந்தார். நேராகப் போனபோது எல்லாம் சரியாக இருந்தது. தெருமுனையில் இடதுபக்கம் திரும்பியதுதான் தாமதம், பக்கச் சக்கரம் தரையைவிட்டு எழும்பியது. நாற்காலி அந்தரத்தில் தொங்கிவிட்டுத் தடாலென்று இறங்கியது. எதிர்வீட்டுக்காரர், "தெருநாய் காலைத் தூக்கற மாதிரியே இருக்குங்க!" என்று கத்தினார்.

பெரியப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "நான் ஏறமாட்டேன். சத்தியமா ஏறமாட்டேன்."

"காலியா இருந்தா அப்படித்தான் தூக்கும். ஆள் உக்காந்தா அமுங்கிடும்."

"நீ சொல்லுவ."

பெரியம்மா அவர் எடைக்கு மணல் மூட்டை கட்டி, அதே முனையில் அதே வேகத்தில் திரும்பிக் காட்டினார். சக்கரம் தரையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நான் மூச்சு விட்டேன். பெரியப்பா விடவில்லை.

"மூட்டைக்குப் பயம் தெரியாது," என்றார். "விழுந்தாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது." ஜன்னல் திரையை வலது கையால் இழுத்து மூடினார்.

மறுநாள் நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது பெரியம்மா படியேறி வந்தார். கையில் பெரியப்பாவின் ஹெல்மெட்.

"உன் எடை என்னடி?"

சொன்னேன்.

"அவரும் அவ்வளவுதான். ஆஸ்பத்திரி அவரை இழைச்சு உன் அளவுக்குக் கொண்டாந்திருச்சு." ஹெல்மெட்டை என்னிடம் நீட்டினார். "திரையை விலக்கிட்டு ஜன்னல்ல உக்காந்திருக்கார். வண்டியைப் பாக்கமாட்டார், உன் மூஞ்சியைத்தான் பாப்பார். நீ எதையும் வெளிய காட்டிக்கற பொண்ணு இல்ல, எனக்குத் தெரியும். இன்னிக்கு ஒரு நாள், அந்த முனையில திரும்பறப்ப உனக்குப் பயமா இருந்தா, மறைக்காம அப்படியே காட்டிடு. அப்பதான் பயமில்லாத மூஞ்சியையும் அவர் நம்புவார். என்ன?"