முகமூடிக்குள் மல்லிகை

"என்னங்க, செவப்பா இருக்கு, கொஞ்சம் இங்க வந்து பாருங்க" என்று என் மனைவி ஞானம் கழிப்பறையிலிருந்து கூப்பிட்டபோது நான் போகவில்லை. கோப்பியை உறிஞ்சிக்கொண்டே, "நேத்துச் சாப்பிட்ட டிராகன் பழமா இருக்கும் லா" என்றேன். மலம், சளி, வாந்தி எதுவும் எனக்குப் பார்க்க ஆகாது. அவள் பார்த்தது ரத்தம். நான் சொன்னதை நம்பினாளோ, நம்புவதுபோல் இருந்தாளோ, மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டாள். பார்க்காமலே வைத்தியம் சொன்ன இந்த வாயை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பிறகு கொலனோஸ்கோபி (ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது), பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது). மலக்குடலில் புற்றுநோய். அந்தப் பகுதியை வெட்டிவிட்டு ஸ்டோமா (குடலின் முனையை வயிற்றுக்கு வெளியே எடுத்துத் தைத்த வாய்) வைக்க வேண்டும் என்றார் டாக்டர். இனி மலம் அதன் மேல் ஒட்டிய பையில்தான் இறங்கும். விளங்கவைக்க ஒரு தாளில் குடலை வரைந்தார்.

"குடல் இப்படியா டாக்டர் இருக்கும்?" என்று பேனாவை வாங்கித் திருத்திக் கொடுத்தாள் ஞானம்.

அப்போது அவளுக்கு வயது எழுபத்தெட்டு. பாதி வாழ்க்கை தமிழாசிரியை. பிறகு பள்ளி ஆலோசகர். வீட்டில் அடிபட்ட பிள்ளை, வகுப்பில் பேசாத பிள்ளை, எல்லோரும் அவள் அறைக்கு வருவார்கள். எல்லோரிடமும் அவளுக்கு ஒரே கேள்விதான்: "உண்மையில என்ன தோணுது?" ஓய்வுக்குப் பின் சிங்கப்பூர் தோ பாயோவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை அவளுடைய ஓவிய மேசையானது. நான் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகினேன். அவளுடைய கேள்விக்கு ஐம்பது வருடமாக என் பதில், "ஒண்ணுமில்ல."

அறுவை சிகிச்சைக்குப் பின் அவளால் குனிந்து எதையும் செய்ய முடியவில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை பையை மாற்றுவது என் வேலை. "அங்கிள், ஸ்டோமாவைத் தொட்டா அவங்களுக்கு வலிக்காது" என்று தாதி சொல்லிக்கொடுத்தார். எனக்கு என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சிவப்பாக, ஈரமாக, அது தானே அசைந்தது. வாடையோ பழைய சம்பால் மிளகாய்த் துவையலையும் சாக்கடையையும் சேர்த்துக் கிண்டியதுபோல் இருந்தது.

சிராங்கூன் ரோட்டில் வெள்ளிக்கிழமை சாமிக்கு வாங்கும் மல்லிகைச் சரத்தில் ஒரு விரற்கடை கிள்ளி பை மாற்றும்போது மாட்டும் முகமூடிக்குள் வைத்துக்கொண்டேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு. இரண்டு வாரம் ஓடியது. ஒருநாள் குனிந்தபோது ஒரு மொட்டு நழுவி அவள் வயிற்றில், பைக்குப் பக்கத்தில் விழுந்தது.

"மாஸ்க்கைக் கழட்டுங்க" என்றாள். கழற்றினேன். சரம் தொங்கியது.

"உண்மையில என்ன தோணுது?"

"ஒண்ணுமில்ல."

"என் வயித்து மேல பூ விழுந்திருக்கு. இன்னுமா ஒண்ணுமில்ல?"

"நாறுது ஞானம். கொமட்டுது. உன்னைத் தொடவே பிடிக்கல. போதுமா?"

சொல்லிவிட்டு அழுதேன். அவள் அழவில்லை. "எனக்கும் அருவருப்பாத்தான் இருக்கு. நான் ஒருத்தியாவே அருவருத்துக்கிட்டுக் கிடக்கணுமா? நீங்களும் சேந்துக்குங்களேன்" என்றாள்.

அதன்பின் பூ இல்லை. குமட்டினால் சொல்வேன். இரண்டு தடவை கைகழுவும் தொட்டியில் வாந்தி எடுத்தேன். "எனக்கும் சேத்து எடுங்க" என்பாள். எல்லாம் முடிந்ததும் தாளை இழுத்து வரைவாள். நான் மூக்கைச் சுருக்கி, கையில் பையைத் தூக்கிப் பிடித்திருக்கும் படம் ஒன்று. என் மூஞ்சி அதில் அச்சு அசல்.

பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு, "பாசிட்டிவ்வா இருங்க டீச்சர்" என்றார்கள். பழச்சாற்றுப் பொட்டலத்தை வைத்துவிட்டு லிஃப்டுக்கு ஓடினார்கள். அவர்கள் மேல் வந்த அருவருப்பு அந்தப் பையின் மேல்கூட எனக்கு வந்ததில்லை.

பதினோரு மாதம் இருந்தாள். நினைவுக்கூட்டத்துக்கு, அப்படி வாசலில் நின்றுவிட்டுப் போன அவளுடைய பழைய மாணவர் ஒருவர் ஓவியங்களைத் தேர்ந்தெடுத்தார். மயில், தாமரை, கோலம். என் படத்தைத் தனியாக ஒதுக்கி வைத்தார்.

"இது வேணாம் அங்கிள். டீச்சருக்கு ஒரு டிக்னிட்டி இருக்குல்ல?"

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னியே, அதுதான் டிக்னிட்டியா?" என்று கேட்டுவிட்டு, கூட்டத்தில் அந்தப் படத்தை முன்வரிசையில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். அங்கே யாரும் உட்கார வரவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பை இருந்தால், அருவருப்பு வரும். அன்பு இருந்தாலும் வரும். மறைக்காதீர்கள். படுத்திருப்பவருக்கு அது முன்பே தெரியும்.

என் உடம்பு இன்னும் நாளை வாரக் கணக்கில் எண்ணுவதில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை காலையில் கை தானாகக் கையுறையைத் தேடுகிறது. போன வெள்ளிக்கிழமை யாரோ அவள் படத்துக்கு மல்லிகை மாலை போட்டுவிட்டுப் போனார்கள். வீடெல்லாம் மணந்தது. முகமூடிக்குள் இருந்த அதே மணம். மாலையைக் கழற்றி அடுக்குமாடியின் குப்பைக் குழாயில் போட்டுவிட்டு வந்து படத்தின் முன் நின்றேன்.

"கொமட்டுது ஞானம்" என்றேன்.

இப்போது நான் ஒருவனாகத்தான் அருவருத்துக்கொண்டிருக்கிறேன்.