என் கட்டைவிரலும் பேச்சியம்மாள் ஆச்சியும்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வருகிற ஆள் நான். இந்த மாதிரிக் கதைகளில் ஒரு அமாவாசை இருக்கும், எங்கேயோ நாய் ஊளையிடும். எனக்கு நடந்ததோ பட்டப்பகலில், தூத்துக்குடியில் ஒரு வங்கிக் கிளைக்குள், டியூப்லைட் எரிய, ஏசி மட்டும் ஓடாமல், ஒரு பெருங்கூட்டம் என்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது. நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள், என் அம்மாவே சிரித்தாள்.

பி.காம் முடித்துவிட்டு அங்கே ஒரு வருட அப்ரண்டிஸாகச் சேர்ந்திருந்தேன். அம்மா தெரு முழுக்க "எம் மவன் பேங்குல இருக்கான்" என்று சொல்லியாகிவிட்டது, நானும் அந்த வார்த்தையை நம்பி ஒரு டை வாங்கினேன். முதல் நாளே அது பாஸ்புக் பிரிண்டருக்குள் போய் மாட்டிக்கொண்டது, கூடவே என் கழுத்தும். அதோடு டை கட்டுவதை விட்டேன். வங்கி வேலை கற்றுக்கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். சலான் நிரப்பினேன், சாருக்கு வடை வாங்கினேன், பணம் எடுக்க வந்தவர்கள் தலையில் இன்சூரன்ஸைக் கட்டினேன். ஒரு தாளில் கையெழுத்துப் போடும் உரிமை எனக்குக் கிடையாது, ஆனால் கூட்டம் கத்தினால் முன்னால் போய் நிற்க வேண்டியவன் மட்டும் நான்தான். இதை எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன்.

நவம்பர் வந்தால் பென்ஷன் வாங்குகிற எல்லாரும் தாங்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். அதற்கு ஒரு கைரேகை மெஷின். விரலை வைத்தால் பச்சை விளக்கு, ஆள் இருக்கிறார். சிவப்பு என்றால் இல்லை. அந்த மெஷினுக்கு நான்தான் பூசாரி.

பேச்சியம்மாள் ஆச்சி முள்ளக்காட்டிலிருந்து பஸ் ஏறி வருவாள். புருஷன் ஹார்பரில் வேலை பார்த்து இறந்துபோனவர், அவருடைய குடும்பப் பென்ஷன்தான் அவளுக்குச் சோறு. ஆச்சி காலமெல்லாம் உப்பளத்தில் உப்பு வாரியவள். அவள் விரல்களில் ரேகை என்று ஒன்றுமே கிடையாது, தேய்ந்த சோப்பு மாதிரி இருக்கும். பத்து விரலையும் வைத்துப் பார்த்தோம். தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசையோடு வைத்தோம், ஈரத்துணியில் துடைத்து வைத்தோம். எல்லாம் சிவப்பு. நாளைக்கு வா, நாளைக்கு வா என்று அவளை அலைய விட்டதில் மாதமும் முடியப் போகிறது. முடிந்தால் பென்ஷன் நிற்கும்.

"ஏலே தம்பி, நான் உசுரோட இருக்கேன்லா? நீ பாக்கதான?"

"நான் பாத்து என்ன செய்ய ஆச்சி, மெஷின்லா பாக்கணும்."

ஜோக் அடித்ததாக நினைப்பு எனக்கு. ஆச்சியும் சிரித்தாள், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இத்தனைக்கும் ஒரு காகித ஃபாரம் இருக்கிறது. அதிகாரி ஆளைப் பார்த்து ஒரு கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. அதை எடுத்துக்கொண்டு எங்கள் அதிகாரியிடம் போய் நின்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"காகிதத்துல போட்டா நம்ம கிளைக்கு டிஜிட்டல் கணக்கு கொறையும்லா. கை வரலன்னா நான் என்ன செய்யட்டும்?"

"சார், ஆள் முன்னால நிக்காங்க."

"அப்ரண்டிஸ் எனக்கு ரூல் சொல்லுதியோ?"

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. திரும்பி வந்தால், ஆச்சி என் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். என் கட்டைவிரலைத் தன் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். "ஒனக்கு எம்புட்டுக் கோடு கெடக்கு, ராசா" என்றாள். அவள் விரல் ஐஸ் மாதிரி இருந்தது, அந்தப் புழுக்கத்தில்.

நான் ஹாலே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். "சார், மெஷின் கெட்டுக் கெடக்கு! எவன் கைய வச்சாலும் செவப்புதான், பாருங்க!" திரையில் ஆச்சியின் பெயர் திறந்திருக்க, என் கட்டைவிரலை அதில் ஓங்கி வைத்தேன். வேறு ஆள் கையை வைத்தால் சிவப்புதான் வரும், அது எனக்கும் தெரியும், ஆத்திரத்தில் புத்தி எங்கே வேலை செய்கிறது.

பச்சை எரிந்தது. பேச்சியம்மாள், ஆள் சரி, உயிருடன் இருக்கிறார்.

அதிகாரி அப்போதுதான் எட்டிப் பார்த்தார். "வந்துட்டுல்லா? ஒழுங்கா வைக்கச் சொன்னா வரும். இதுக்கு எதுக்குக் கத்துத?"

வாயைத் திறந்தால் என் வேலையும் போகும், ஆச்சியும் மறுபடி செத்துப்போவாள். மூடிக்கொண்டேன். ஆச்சி பையை எடுத்துக்கொண்டு, என் விரலை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் வருகைப்பதிவு மெஷின் என் கட்டைவிரலை எடுக்கவில்லை. பார்த்தால் ரேகை இல்லை. மற்ற ஒன்பதும் அப்படியே இருக்கின்றன, இது மட்டும் வழவழ. அந்த மெஷினில் பதிந்திருந்ததோ இந்த ஒரு விரல்தான். அதிகாரியிடம் காட்டினேன். "கை வரலன்னா நான் என்ன செய்யட்டும்?" என்று சொல்லி ஆப்சென்ட் போட்டார். அவரை அங்கேயே தூக்கிக் கடாசியிருப்பேன், என் எடை அதற்கு ஒத்துழைக்காது. தோல் டாக்டரிடம் போனேன், விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உப்பளத்துல எத்தன வருசம் வேல பாத்திய?"

வாழ்நாளில் நான் உப்பைத் தொட்டது தயிர்ச்சோற்றில்தான்.

வருடம் முடிந்ததும் ஒரு சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்போது ஒரு செல்போன் கடையில் இருக்கிறேன். நவம்பர் வந்தால் ஆச்சி கடை வாசலில் வந்து நிற்பாள். பொதுச் சேவை மையத்துக்குக் கூட்டிப் போவேன், அங்கே இருக்கிற பையன் கம்ப்யூட்டரைப் பார்க்கிற நேரம் நான் விரலை வைப்பேன். ரேகையே இல்லாத விரல், பச்சை எரியும். நானும் ஆச்சியும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. குற்றம்தான். ஒரு கையெழுத்துப் போட மறுத்தவரைக் கேட்டுவிட்டு என்னைக் கேளுங்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, என் போன் அந்தக் கட்டைவிரலுக்குத் திறந்துகொண்டது. அந்த விரலைப் பதிந்து வைத்தது வங்கிக்குப் போவதற்கு முன்னால். பார்த்தால் ரேகை மங்கலாகத் தெரிகிறது. சந்தோஷத்தில் கடை முழுக்க டீ வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலம் முள்ளக்காட்டு ஆள் ஒருவர் ரீசார்ஜ் பண்ண வந்தார். காய்ச்சலில் நினைவு தப்பி ஆச்சியைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம்.

ஆச்சி பிழைத்து வீட்டுக்கு வந்தாள். விரலும் பழையபடி வழவழத்துவிட்டது.

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். தினமும் எழுந்ததும் தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து அந்தக் கட்டைவிரலை வைக்கிறேன். திறந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு.